மதகுக்குக் கீழே மூன்று மா

தாசில்தார் அலுவலகத்துக்குக் கொலைகாரனைத் தேடி யாரும் வருவதில்லை. பட்டா கேட்டு வருவார்கள், சாதிச் சான்று கேட்டு வருவார்கள், கறவை மாட்டுக் கடன் கேட்டுத் தவறான கட்டடத்துக்குள் நுழைந்தும் வருவார்கள். ஆகவே, சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் மலேசியப் போலீஸ் அதிகாரி ஒருவர் நாகப்பட்டினத்து இன்ஸ்பெக்டரோடு என் அறைக்குள் வந்து உட்கார்ந்தபோது, இவர்கள் பக்கத்துப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டியவர்கள் என்றே நினைத்தேன்.

அப்போது எல்லோரும் மாயவரம் என்றே சொல்லிக்கொண்டிருந்த மயிலாடுதுறையில் நான் குத்தகைப் பதிவுக்கான தனித் தாசில்தார். உழுகிறவனுக்கே நிலம் என்று எல்லாக் கட்சிகளும் சுவரில் எழுதிய காலம் அது. நிலத்தைக் கொடுப்பது சிரமமான காரியம் என்பதால், முதல் தவணையாகக் குத்தகைக்காரனின் பெயரைப் பதிவு செய்து கொடுக்க அரசு ஒரு சட்டம் போட்டது. நிலம் மடத்துடையதோ மிராசுதாருடையதோ, பெயர் பதிவாகிவிட்டால் அவனைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது. அந்தப் பெயருக்காக வயலில் அரிவாள் வீசிக்கொண்டார்கள், செங்கொடி நட்டார்கள், அறுவடை சமயத்தில் போலீஸ் லாரி வந்து நின்றது. பெயரை எழுதுகிற வேலை என்னுடையது. என் கையெழுத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதை அதற்குப் பிறகு எனக்கு எங்கும் கிடைக்கவில்லை, வீட்டிலும்கூட.

மலேசிய அதிகாரி கிள்ளானில் பிறந்தவர். தாத்தா திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவராம். பெரிய உடம்பு, எங்கள் வெயிலில் கரைந்துகொண்டிருந்தார். சொல்ல வந்ததை அவசரமில்லாமல் சொன்னார்.

ரப்பர் தோட்டங்களில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய கிழவர்கள், கல்யாணமாகாதவர்கள், பெண்டாட்டி இறந்துபோனவர்கள், கடைசிக் காலத்தில் ஊருக்குத் திரும்பிவிட நினைப்பார்கள். சேர்த்ததை எல்லாம் தங்கமாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பினாங்கில் கப்பல் ஏறுவார்கள். அங்கே தோட்டத்தில் எல்லோரும் மாலை போட்டு வழியனுப்பியாகிவிட்டது. இங்கே ஊரில் இன்ன நாளில் வருவார் என்று காத்திருக்க யாருமில்லை. நடுவில் உள்ள சில நாட்களில் அந்த மனிதர் எந்த நாட்டின் கணக்கிலும் இல்லை. அந்த இடைவெளியை ஒருவன் கண்டுபிடித்திருந்தான். பினாங்கில் ஒரு விடுதியில், சிங்கப்பூரில் ஒரு கடைமாடியில், கொழும்பில் ஒரு சத்திரத்தில், கடைசியாக நாகப்பட்டினத்தில். எல்லாக் கிழவர்களுக்கும் பயணத்தில் ஒரு நல்ல பையன் துணைக்குக் கிடைத்திருக்கிறான். பெட்டி தூக்கியிருக்கிறான், கஞ்சி வாங்கிக் கொடுத்திருக்கிறான். கடைசிக் காப்பியையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தது.

"காணோம்னு புகார் கொடுக்கவே ஆள் இல்லீங்க ஐயா," என்றார் அவர். "எங்க பக்கம் கேட்டா, அவுங்க ஊருக்குப் போய்ட்டாங்கம்பாங்க. உங்க பக்கம் கேட்டா, இன்னும் வரலைம்பாங்க. ரெண்டுமே சரிதான். அப்பறம் எப்படி கேஸ் எடுக்கிறது?"

ஆனால் எடுத்திருந்தார். பல வருடங்களாக, மூன்று நான்கு நாடுகளில், பாதி நாள் சொந்தச் செலவில். ஒவ்வொரு முறையும் பெயர் வேறு, பாஸ்போர்ட் வேறு, சொந்த ஊரென்று சொன்னதும் வேறு. கூத்தாநல்லூர்க்காரக் கிழவர் ஒருவர் மட்டும் காப்பியில் பாதியைக் கொட்டிவிட்டதால் பிழைத்திருந்தார். அவருக்கும் கண் புரை, முகம் தெரியாது. ஆனால் எல்லா நாட்டிலும், பழகிய எல்லோரும், ஒரே ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொன்னார்கள்.

"பேரை மாத்துனான். ஊரை மாத்துனான். நிலத்தை மட்டும் மாத்தலீங்க. மடத்து நிலம், மதகுக்குக் கீழ, மூணு மா. அப்பா குத்தகை. ஊருக்குப் போய் அதைத் தன் பேருக்குப் பதிவு பண்ணணும். எல்லாக் கெழவன்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கான்."

மூன்று மா என்பது ஒரு ஏக்கர். மடத்துக் குத்தகை, மதகடி, மகன் வெளிநாட்டில். என் ரிக்கார்டு அறையை அறிந்த அளவுக்கு நான் என் சொந்த வீட்டை அறிந்தவனில்லை. அவர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். அந்த வயலைப் பற்றிய மனு என் மேசையிலேயே இருந்தது. கொடுத்தவள் அவனுடைய தங்கை. கணவனை இழந்து, பெண் குழந்தையோடு பிறந்த வீடு திரும்பியவள். அப்பா இறந்தபின் தானே பயிர் செய்வதாகவும் தன் பெயரைப் பதியவேண்டும் என்றும் கேட்டிருந்தாள். விசாரித்து, உண்மை என்று திருப்தியடைந்து, அவள் பெயருக்கு உத்தரவும் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"மனுவைப் பாத்தா, அப்பா செத்தப்போகூட வரலை போலிருக்கு சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியலை."

"நிலத்துக்கு வருவான்," என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். வாரிசு விசாரணை என்று ஒன்று வைத்து, மகன் பெயருக்குப் பதிவு செய்ய உத்தேசம், இன்ன தேதியில் நேரில் ஆஜராகாவிட்டால் உரிமை போய்விடும் என்று ஊரில் தமுக்கு அடித்தால் போதும், கப்பலில் போகிறவர்கள் வாய்வழியாகவே செய்தி பினாங்கு போய்விடும், தபாலைவிடச் சீக்கிரமாக என்று விளக்கினேன். மலேசிய அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு காலம் குழியும் மாவும் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு சர்வதேச வழக்கில் பங்கு.

கலெக்டரிடம் நான் மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். "செய்யுங்க. ஆனா பேப்பர்ல எதுவும் வேணாம்," என்றார். நல்ல அதிகாரி, பிற்பாடு பெரிய பதவிகளுக்குப் போனார்.

தமுக்கு அடித்த மறுநாளே தங்கை வந்துவிட்டாள். சேற்றுக் காலோடு நடந்து வந்து, வெளியே குழாயில் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பில் முகம் துடைத்தபடி மேசைக்கு எதிரே நின்றாள்.

"நேத்து தமுக்கு போட்டாங்களே, யாருக்கு சார் அது?"

"உங்க அண்ணனுக்கும்மா."

"அவன் எந்த சீமையில இருக்கான்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பரவால்லியே."

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடு. விசாரிக்கிறேன்."

"மொதல்லயே எழுதித்தானே குடுத்தேன்? நீங்களும் வந்து வரப்புல நின்னு பாத்தீங்க. அப்பா போனதுலேருந்து நாத்து பறிக்கிறது நானு, நடுறது நானு, மடத்துக்கு நெல்லு அளக்குறது நானு. ஏரு மட்டுந்தான் கூலிக்கு. பொம்பள ஏரு புடிச்சா மழை பேயாதுன்னு சொல்லிட்டாங்க. இல்லாட்டி அதையும் நானே புடிச்சிருப்பேன்."

"ஆண் வாரிசு இருக்கும்போது அவனையும் விசாரிக்காம பதிவு பண்ணச் சட்டம் இடம் கொடுக்கலைம்மா."

அப்படி ஒரு சட்டம் இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவள் "சட்டம்னா சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள். விஷயம் முடிந்ததும் அவள் பெயருக்கே பதிவு செய்துவிடலாம், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கொஞ்ச நாள்தானே.

அவன் வந்தான். விசாரணை நாளன்று, குறித்த நேரத்துக்குச் சற்று முன்பாகவே. மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, நன்றாக வாரிய தலை, கையில் குடை. மாமாவுக்குப் பெண் பார்க்க வந்தவன் போல இருந்தான். கூத்தாநல்லூர்க் கிழவரை மனுதாரர் போலக் கூட்டத்தோடு உட்காரவைப்பது ஏற்பாடு. அவன் குரலைக் கேட்டுச் சொல்லவேண்டும். கிழவர் வருவதற்குத் தாமதமாகி, அப்போதுதான் வாசற்படியில் தடவிக்கொண்டிருந்தார். அவன் திரும்பிப் பார்த்தான். நேராகப் போய் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

"மெதுவா வாங்க பெரியவரே. இங்க இன்னொரு படி இருக்கு."

கிழவர் அப்படியே படியில் உட்காரப் போனார். மலேசிய அதிகாரி ஓடிப்போய்த் தாங்கவேண்டியிருந்தது. குரலைவிட அந்தக் கையைத்தான் அடையாளம் கண்டதாகக் கிழவர் பிற்பாடு சொன்னார். வருடக்கணக்கில் போலீஸுக்குத் தண்ணீர் காட்டியவன், படியேற முடியாத ஒரு கிழவரைப் பார்த்ததும் உதவி செய்துவிட்டான். அது நடிப்பில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஒத்துக்கொள்ள முடியாததாக இருக்கிறது.

தங்கையும் வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"செத்துட்டியோன்னு நெனச்சேன். நெலம்னதும் உசுரு வந்துட்டுதா?"

"கோவப்படாத. பேரு என் பேர்ல இருக்கட்டும். பயிரு நீயே பண்ணு. நான் என்ன வந்து நாத்தா நடப்போறேன்?"

"அதான் சொல்றேன். நடாதவனுக்கு எதுக்குப் பேரு?"

இன்ஸ்பெக்டரின் ஆட்கள் என் அறைக்குப் பின்னால் இருந்தார்கள். வெளியே பிடித்தால் எதிரே பஸ் நிலையம், கூட்டத்தில் நழுவிவிடுவான். அவனை உள்ளே வரவழைக்கவேண்டும். கூப்பிட்டேன். அவன் தாழ்வாரத் தூணைவிட்டு நகரவில்லை.

"ஆர்டர் ரெடியாங்க? கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தா பாத்துட்டு உள்ள வரேன். தப்பா நினைக்காதீங்க. மூணு தடவை அலைஞ்சவரு எங்கப்பா."

அவனுடைய அப்பா அலைந்தது உண்மைதான். அலையவிட்டவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். நான் உத்தரவுக்கான அச்சுப் படிவத்தை எடுத்தேன். மனுதாரர் மேற்படி நிலத்தில் கடந்த ஆண்டுகளில் தொடர்ந்து தங்கி, தன் உடலுழைப்பால் நேரில் சாகுபடி செய்து வருகிறார் என்று விசாரணையில் தெரியவருவதால் என்று அச்சிலேயே இருக்கும். பெயரும் சர்வே எண்ணும்தான் நாம் எழுதுவது. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சீல் வைத்து, அவனுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். உள்ளே வந்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் முகத்தைப் பார்த்தேன். தாசில்தார் வேலையில் அந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன், அதற்காகத்தான் அந்த வேலையில் இருக்கவும் தோன்றும். அதற்குள் பின்கதவு திறந்தது.

சத்தம் அதிகம் இல்லை. குடை மட்டும் கீழே விழுந்தது. தாளை அவன் விடவில்லை; விலங்கு போடும்போதுகூட மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். யாரும் அதைப் பிடுங்கவேண்டும் என்று நினைக்கவில்லை, நான் உட்பட.

தங்கை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தமுக்கு இதுக்குத்தானா சார்?" என்றாள்.

விஷயம் ஊருக்கு என்னைவிட வேகமாகப் போனது. அவன் இடையிடையே கப்பலில் திரும்பும் ஊர்க்காரர்களிடம் சாமான்கள் கொடுத்தனுப்புவது வழக்கம். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அவன் கொடுத்தனுப்பிய ஏதாவது ஒன்று இருந்தது. கம்பளிப் போர்வை, டார்ச் லைட், பிஸ்கட் டின், ஒரு மூக்குக்கண்ணாடிகூட. யாருடையது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு நாள் கழித்து, மதகைத் திறந்து மூடுகிற வாய்க்கால் லஸ்கர் என்னிடம் வந்து முறையிட்டார்: மதகில் போர்வைகள் சிக்கிக் கிடக்கின்றன, ஷட்டரை ஏற்ற முடியவில்லை, வருவாய்த் துறை ஏதாவது செய்யுமா என்று. அது பொதுப்பணித் துறையின் வேலை என்று திருப்பி அனுப்பினேன். விதியும் அதுதான்.

எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நிலத்தைத் தங்கை பெயருக்கு மாற்றலாம் என்று தாளை எடுத்தபோதுதான் நான் செய்திருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்திருக்கவேண்டிய விதி, மற்றவர்களுக்கு நான் வகுப்பெடுத்த விதி. குத்தகைப் பதிவு அதிகாரி தன் உத்தரவைத் தானே ரத்து செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் எனக்கு மேலதிகாரியான வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யவேண்டும். அரசாங்கம் பாதிக்கப்பட்டவர் ஆகாது. போலீஸும் ஆகாது. அந்த உத்தரவால் பாதிக்கப்பட்டவர் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

அதுகூடப் பெரிதில்லை. கொலை வழக்கில் அவனுடைய வக்கீல் அந்தத் தாளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். என் கட்சிக்காரர் இத்தனை வருடமும் ஊரில் தங்கி, நேரில் உழைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தவர். அரசாங்கமே விசாரித்து எழுதிக் கொடுத்திருக்கிறது. கப்பலிலேயே ஏறாதவர் கப்பலில் வந்த கிழவரோடு எப்படிப் பழகியிருப்பார், எப்படி நாகப்பட்டினத்தில் கொன்றிருப்பார்? பாஸ்போர்ட்டெல்லாம் வேறு பெயர்களில். கண் தெரியாத ஒரு கிழவர் சாட்சி. எதிரில் சீல் வைத்த உத்தரவு.

ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் ஊரில் இருந்தானா? "இருந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." போர்வையை வாய்க்காலில் போட்டவர்கள் வாயைத் திறக்க விரும்பவில்லை. மடத்துக் காரியஸ்தர் தனக்குத் தெரிந்தது ரிக்கார்டு மட்டும்தான் என்றார். பதிவான குத்தகைதாரர் சிறைக்குப் போனாலும் சரி, திரும்பினாலும் சரி, தங்கை வெளியே போனால் காரியஸ்தருக்கு லாபம்.

அரசு வக்கீல் என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"போலீஸ் சொன்னா ஜோடிச்சதும்பாங்க. ரெண்டே வழிதான் இருக்கு. நீங்க கூண்டுல ஏறி, பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன், அவனைப் பிடிக்கிறதுக்காக எழுதினேன்னு சொல்லணும். இல்லாட்டி அந்தப் பொண்ணு வந்து, நான்தான் பயிர் பண்ணினேன், அவன் ஊர்லயே இல்லைன்னு சொல்லணும்."

"நான் சொன்னா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்? பொய்யான ஆவணம். அந்தக் கலெக்டர் மாறிப் போயாச்சு, அவர் வாயால சொன்னதுக்குச் சாட்சி யாரு?"

எனக்குத் தெரியும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தற்காலிகப் பணிநீக்கம், பிழைப்பூதியம், விசாரணை அதிகாரி நியமனம். ஒவ்வொன்றும் எந்த விதியின் கீழ் வரும் என்றுகூட மனதில் ஓடியது.

தங்கையைப் பார்க்கப் போனேன். நாற்றங்காலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றேன். மேல்முறையீடு என்றால் என்ன என்று விளக்கினேன். நீங்கள் வந்து சொல்லவேண்டும் என்றேன்.

"என்ன சார், புதுசா 'நீங்க', 'வாங்க'ங்கிறீங்க? பயமா இருக்கு."

பிறகு நிமிர்ந்தாள். "நீங்க எழுதுனத நீங்களே அழிக்க முடியாதா?"

"முடியாது."

"அப்ப எழுதையில யோசிச்சிருக்கணும்." கையிலிருந்த களையை வரப்பில் எறிந்தாள். "ஒண்ணு கேக்கறேன். நெசமா சொல்லணும். அவன் செஞ்சானா?"

"அது கோர்ட்டு..."

"உங்களைத்தான் கேட்டேன்."

"செஞ்சான்," என்றேன்.

குனிந்து இன்னொரு களையைப் பிடுங்கினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"நான் சொல்லலைன்னா?"

"விட்டுடுவாங்க. வெளிய வருவான். வயலும் அவன் பேர்லதான் இருக்கும்."

"சொன்னா?"

நான் வரப்பில் கிடந்த களையைப் பார்த்தேன்.

"சொன்னா அண்ணனைக் கயித்துல போட்டுட்டு மூணு மா வாங்குனவள்னு சொல்லுவாங்க. இந்தத் தெருவுலதான் சார் நான் குடியிருக்கணும். என் பொண்ணை இங்கதான் கட்டிக்கொடுக்கணும்." தண்ணீரில் கையைக் கழுவினாள். "நீங்களும் சொல்லுவீங்கல்ல? தெரிஞ்சேதான் எழுதினேன்னு? கவர்மெண்டே சொல்லிட்டா அப்பறம் நான் சொல்றது பெருசா ஆவாது. கூட ஒருத்தின்னு போயிடும்."

"சொல்றேன்," என்றேன்.

"சரி. அப்ப வரேன்."

தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சாட்சிகள் வெளியே இருக்கவேண்டும் என்பதால் அவள் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நல்லபடியாகப் போய்வாருங்கள் என்பதுபோல. அவன் கூண்டில் நின்றிருந்தான். அவனும் மரியாதையாகக் கும்பிட்டான்.

அரசு வக்கீல் உத்தரவைக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா? ஆம். விசாரணை நடத்தினீர்களா? ஆம். இதிலுள்ளது உண்மையில்லை என்று கையெழுத்துப் போடும்போதே உங்களுக்குத் தெரியுமா?

அந்தக் கேள்விக்கான பதிலை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் இத்தனை வருடம் நான் பழகிய வாக்கியம்தான் வந்தது.

"என் முன் வைக்கப்பட்ட வாக்குமூலத்தின் அடிப்படையில், விதிமுறைகளின்படி உத்தரவு பிறப்பித்தேன்."

அவர் காத்திருந்தார். நீதிபதி எழுதிக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மலேசிய அதிகாரி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாக்கியத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தாலும் குற்றம் காண முடியாது. அதற்காகவே உருவான வாக்கியம் அது.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அவளுக்குத் தெரியவைத்தார்: "தாசில்தாரே விசாரிச்சுதான் எழுதினேன்னு சொல்லிட்டாரு. நீங்க என்ன, அவரு பொய் சொல்றாருங்கறீங்களா?"

அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நான் எழுந்து வெளியே போயிருக்கலாம், போகவில்லை. அது ஒன்றைத்தான் என் கணக்கில் வரவாகச் சொல்ல முடியும், அதையும் யாரும் கேட்கவில்லை.

இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்லமுடியாது. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அவரு சொல்றது எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். அப்பா செத்ததுலேருந்து இவன் அந்த வயல்ல கால் வைக்கலை. பயிரு பண்ணுனது நானு. இவன் கப்பல்லதான் இருந்தான். ஊருக்கெல்லாம் சாமான் குடுத்தனுப்பினான். எனக்கும் அனுப்பினான்."

"நிலத்துக்காகச் சொந்த அண்ணனையே..." என்று வக்கீல் ஆரம்பித்தார்.

"ஆமா," என்றாள். "நெலத்துக்காகன்னே எழுதிக்குங்க. அதுக்காக நான் சொன்னது இல்லைன்னு ஆயிடாது."

அவன் கூண்டில் அழுதான். அவளும் அழுதாள், ஆனால் மறுபடி கேட்டபோது அதையே சொன்னாள்.

தூக்குத் தண்டனை விதித்தார்கள். மலேசிய அதிகாரி கப்பல் ஏறும்முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை; இன்ஸ்பெக்டரிடம் வணக்கம் சொல்லச் சொன்னாராம். ஆர்.டி.ஓ. மேல்முறையீட்டை ஏற்று என் உத்தரவை ரத்து செய்தார். நிலம் அவள் பெயருக்கு வந்தது. அப்பீலுக்குப் பிறகு நேரடித் தணிக்கை செய்து சாகுபடியில் இருப்பவர் இன்னார் என்று அறிக்கை அனுப்பவேண்டும். உதவியாளரை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். அவள் என்னைத் திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நடவு நாள். சம்பா. உழுது பரம்படித்து வயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அவள் செங்கொடிச் சங்கத்துக்குப் போயிருக்கிறாள். சங்கச் செயலாளர் தெருவில் நின்று சத்தம் போட்டபிறகு பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் அதே தெரு. பாதிப் பேர் சொந்தக்காரர்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேச்சில்லாமல், வயலின் ஒரு மூலையில் நின்றார்கள்.

நாற்றுக் கட்டுக்கு முடி என்று பெயர்; முதல் முடியை வயலுக்குரியவர் கையால் எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். நடவுக்காரர்களில் மூத்தவள் வாங்கிக்கொண்டு, கிழக்கே பார்த்து ஒரு குத்து நாற்றை ஊன்றி வைப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். இத்தனை வருடமும் இவள் கொடுத்ததைத்தான் வாங்கினார்கள், பதிவு யார் பெயரில் இருந்தாலும். அன்றைக்கும் அவள் ஒரு முடியை எடுத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டு மூத்தவளிடம் போனாள். அந்த அம்மாள் அவளுக்குச் சித்தி முறை.

"வரப்புல வையி. எடுத்துக்கிறோம்," என்றாள் சித்தி.

"கையில வாங்குனா என்ன சித்தி?"

"வையிங்கறேன்ல. நேரமாவுது."

"நேரமாவுதுன்னா வாங்கிக்க."

சித்தி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "அண்ணனைக் கயித்துல ஏத்துன கையி, மொதக் குத்துக்கு ஆவாது," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நாற்று வாடிவிடும் என்ற கவலைதான் முகத்தில் இருந்தது.

"சார், நீங்க எடுத்துக் குடுங்க. உங்க கையில வாங்குவாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன். சேறு முழங்கால் வரை வந்தது. அவள் முடியை நீட்டினாள். வாங்கி, சித்தியிடம் நீட்டினேன். அந்த அம்மாள் இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மகராசனா இருக்கணும் ஐயா," என்றாள்.

கிழக்கே பார்த்து முதல் குத்து வைத்தாள். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். நான் கரையேறிக் காலைக் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அவள் வயலின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து தனியாக நட ஆரம்பித்திருந்தாள்.